பழைய ஆர்கேட் கேபினெட்டில் புது கேம் போர்டு பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

புது போர்டு கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் செய்வது இதுதான்: பின்கதவைத் திறந்து, பழைய போர்டைப் பிடுங்கி, கிடைத்த வயர்களை முறுக்கிச் சேர்த்து ஸ்விட்சைப் போடுவது. திரையில் ஒன்றும் வராது. கோளாறு பவர் சப்ளையிலா, வயரிங்கிலா, மானிட்டரிலா, போர்டிலா என்று பிரித்துச் சொல்ல அப்புறம் வழியே இருக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டாயிற்று.

இங்கே வரிசை நேர் எதிர். பவர் சப்ளை, ஹார்னஸ் (போர்டுக்குப் போகும் வயர்க்கட்டு), ஜாய்ஸ்டிக், பட்டன் எல்லாவற்றையும் போர்டு இல்லாமலேயே சோதித்து முடிக்கிறோம். போர்டு கடைசியில்தான் உள்ளே போகும். அதனால் புது போர்டுக்கு ஆபத்து குறையும், கோளாறு வந்தாலும் தேட வேண்டிய இடம் சின்னதாகிவிடும்.

1980-களின் ராஸ்டர் மானிட்டர் (படத்தை வரி வரியாகக் காட்டும் வகை) உள்ள கேபினெட்டில், 60-இன்-1 (60 ஆட்டங்கள் ஒரே போர்டில்) போன்ற, ஜாம்மா என்ற பொது வயரிங் முறையின் இணைப்புள்ள மல்டிகேம் போர்டைப் பொருத்துவதை வைத்து எழுதுகிறேன். ஒரே ஆட்டத்துக்கான புது போர்டாக இருந்தாலும் படிகள் பெரிதாக மாறாது.

1. போர்டு வாங்கும் முன் கேபினெட்டைப் பாருங்கள்

முதல் கேள்வி மானிட்டர். ஆஸ்டராய்ட்ஸ் (1979), டெம்பஸ்ட் (1981) போன்றவற்றில் இருப்பது வெக்டர் மானிட்டர். அது கோடு கோடாகப் படம் வரைவது. ராஸ்டர் போர்டு அதை இயக்கவே முடியாது. உங்களிடம் இருப்பது அந்த வகை என்றால் இந்த வேலையை இங்கேயே நிறுத்திவிடுங்கள். நல்ல வெக்டர் மானிட்டரைக் கழற்றி வேறொன்றைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

ராஸ்டர் என்றால், படத்தின் வரிகளை வரையும் வேகம் எவ்வளவு? அந்தக் காலத்துப் பெரும்பான்மை 15 கிலோஹெர்ட்ஸ். பேப்பர்பாய் போல நடுத்தர ரெசல்யூஷன் மானிட்டர் உள்ளவையும் உண்டு. 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை அவை சரியாகக் காட்டாது.

அடுத்தது மானிட்டர் நிற்கும் திசை. பேக்-மேன், கேலகா, டாங்கி காங் எல்லாம் செங்குத்தாகத் திருப்பி வைத்த திரைக்கானவை. 60-இன்-1 அந்தத் திரைக்காகவே செய்தது. கிடையாக மானிட்டர் உள்ள கேபினெட்டில் அதைப் போட்டால் படம் பக்கவாட்டில் சாய்ந்துதான் வரும். அதற்கு வேறு போர்டு தேட வேண்டும்.

மூன்றாவது, பழைய போர்டின் இணைப்பு. கேபினெட் 1980-களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது என்றால் 56 பின் ஜாம்மா இணைப்பு ஏற்கெனவே இருக்க வாய்ப்புண்டு; பாதி வேலை முடிந்தது. அதற்கு முந்தையது என்றால் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு முறை. உதாரணமாக பேக்-மேன் போர்டின் இணைப்பு 44 பின். அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று கண்டுபிடிக்கலாம், இதற்கு முடியாது. பீப் சத்தத்துடன் தொடர்ச்சி காட்டும் வசதி அதில் இருக்க வேண்டும்.

அப்புறம்: 5 வோல்ட், 12 வோல்ட் தரும் ஸ்விட்சிங் பவர் சப்ளை, 56 பின் ஜாம்மா ஹார்னஸ், அல்லது உங்கள் பழைய கனெக்டருக்குப் பொருந்தும் அடாப்டர், கிரிம்ப் பிளையர் (வயர் முனையில் டெர்மினலை அழுத்திப் பொருத்துவது), ஸ்விட்சுகளுக்கான ஸ்பேடு டெர்மினல்கள், லேபிள் ஒட்ட காகித டேப், போர்டைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பேசர்கள். ஸ்பேடு டெர்மினல் வாங்கும் முன் ஸ்விட்சின் காலை அளந்து பாருங்கள். 4.8 மில்லிமீட்டர், 6.3 மில்லிமீட்டர் இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. பெரியதை வாங்கி நசுக்கி மாட்டினால் சில வாரத்தில் கழன்றுவிடும்.

உங்கள் போர்டுடன் வந்த டிப் ஸ்விட்ச் (போர்டின் அமைப்பை மாற்றும் சிறு ஸ்விட்சுகள்) தாளையும் பத்திரமாக வையுங்கள். ஒரே பெயரில் விற்கும் போர்டுகளில்கூட பதிப்புக்குப் பதிப்பு அமைப்பு மாறும்.

3. மின்சாரம்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். கேபினெட்டின் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஸ்விட்ச் வரை மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும்.

பிளக்கை உருவிய பிறகும் ஆபத்தாக இருப்பது மானிட்டர். கலர் குழாயின் மேல் ரப்பர் மூடி போட்டிருக்கும் இடத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் அந்த மின்னூட்டம் தங்கும். சேஸிஸில் (மானிட்டரின் மின்சுற்றுப் பலகையில்) உள்ள பெரிய கெபாசிட்டரும் அப்படித்தான். 10-ஆம் பகுதியில் வரும் திருகுகளைத் தவிர, இந்த வேலைக்கு மானிட்டரைக் கழற்றவோ சேஸிஸைத் தொடவோ தேவையில்லை. அதனால் சுலபமான விதி: கண்ணாடிக் குழாயின் பின்பக்கத்தில் கை போக வேண்டாம். குழாயின் கழுத்து மெல்லியது, ஸ்க்ரூடிரைவர் தவறி விழுந்தாலே உடையும். அதன் மேல் தடிமனான அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

பவர் கார்டையும் இப்போதே பாருங்கள். இரண்டு கால் பிளக் இருந்தால் எர்த் உள்ள மூன்று கால் கார்டாக மாற்றி, கன்ட்ரோல் பேனலின் உலோகம், காயின் கதவு இரண்டுக்கும் எர்த் தொடர்ச்சி வருகிறதா என்று மீட்டரில் சோதியுங்கள். ஆடுபவர் கை வைப்பது அந்த உலோகத்தின் மேல்தான். கேபினெட் எத்தனை வோல்ட்டுக்குச் செய்தது என்பதையும் அதன் லேபிளில் படித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி உங்கள் மின்சாரத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம்.

4. பழைய டிரான்ஸ்பார்மரைக் கழற்றாதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், புதிதாக வருபவர்கள் செய்யும் பிழைகளில் இதுதான் மிக ஆபத்தானது.

"புது போர்டுக்குப் புது பவர் சப்ளை வந்தாயிற்று, கீழே கிடக்கும் இந்தக் கனமான இரும்பு எதற்கு?" என்று கழற்றிவிட்டு, மானிட்டரின் வயரை நேராக மெயின்ஸில் (சுவர் மின்சாரத்தில்) கொடுத்துவிடுகிறார்கள். வெல்ஸ்-கார்ட்னர் கே4600, எலக்ட்ரோஹோம் ஜி07 போன்ற மானிட்டர்களின் சேஸிஸ் மெயின்ஸிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டதல்ல. அவற்றுக்கும் சுவருக்கும் நடுவே ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். பேக்-மேன் காலத்துக் கேபினெட்டுகளில் அந்த வேலையையும் செய்வது அடியில் கிடக்கும் அதே டிரான்ஸ்பார்மர்தான்.

அதை எடுத்துவிட்டால் மானிட்டரின் கிரவுண்ட் மெயின்ஸ் மின்னழுத்தத்தில் மிதக்கும். வீடியோ கிரவுண்ட் வயர் வழியே அது புது போர்டுக்கு வரும், போர்டிலிருந்து கன்ட்ரோல் பேனலுக்கும் போகும். போர்டு எரிந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆடுபவர் மேல் ஷாக் அடித்தால்?

ஆகவே டிரான்ஸ்பார்மர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மானிட்டருக்குப் போகும் வயர் எங்கிருந்து புறப்படுகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்து, அதில் லேபிள் ஒட்டி, தொடாமல் விடுங்கள். மேல் விளக்கு, காயின் கதவு விளக்கு ஆகியவையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் மின்சாரம் எடுக்கும்.

5. படம் எடுத்து, லேபிள் ஒட்டி, பழைய போர்டை எடுங்கள்

ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் இரண்டு படம்: தூரத்திலிருந்து ஒன்று, வயர் நிறம் தெரிய கிட்டத்தில் ஒன்று. பிறகு கனெக்டரின் இரு பாதியிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள்.

பழைய ஹார்னஸை வெட்டாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அடாப்டரில் மாட்டினால், பழைய போர்டை என்றாவது சரிசெய்து பழையபடி மாட்டலாம். வெட்டிய ஹார்னஸை மறுபடி ஒட்டியெடுப்பது புதிதாகக் கட்டுவதைவிடக் கடினம். அசல் நிலையில் உள்ள கேபினெட்டின் மதிப்பும் போய்விடும்.

பழைய போர்டை ஓரத்தில் பிடித்து எடுங்கள். ஸ்டாட்டிக் தடுக்கும் பையில் போட்டு, அதன் மேல் அட்டை சுற்றி, கேபினெட்டின் அடிப்பகுதியிலேயே வைக்கலாம். வேலை செய்யாத போர்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

6. பவர் சப்ளையைத் தனியாகச் சோதியுங்கள்

ஸ்விட்சிங் சப்ளையைக் கேபினெட்டின் மர அடிப்பலகையில் திருகி, ஃபியூஸுக்கும் மெயின் ஸ்விட்சுக்கும் பிறகு மெயின்ஸ் கொடுங்கள். அப்போதுதான் ஒரே ஸ்விட்ச் எல்லாவற்றையும் அணைக்கும். பேக்-மேன் போன்ற கேபினெட்டுகளில் பழைய போர்டுக்குப் போனது சுமார் 7 வோல்ட் ஏசி. போர்டே அதை டிசியாக மாற்றிக்கொண்டது. புது போர்டுக்கு அது ஆகாது. அந்த ஏசி வயர்களின் முனையை மூடிவைக்க மறக்காதீர்கள்.

இப்போது வெறும் சப்ளையை ஆன் செய்து அளந்து பாருங்கள். 5 வோல்ட் வருகிறதா, 12 வோல்ட் வருகிறதா. சில சப்ளைகளுக்குக் குறைந்தபட்ச சுமை இல்லாவிட்டால் அளவு அலையும். இங்கே கொஞ்சம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம், நுணுக்கமாகச் சரிசெய்வது போர்டு மாட்டிய பிறகுதான். 5 வோல்ட் 5.25-க்கு மேல் காட்டினால் மட்டும் இப்போதே குறைத்துவிடுங்கள்.

7. ஹார்னஸ்: நிறத்தை நம்பாதீர்கள், பின்னை எண்ணுங்கள்

ஜாம்மா கனெக்டரில் ஒரு பக்கத்துக்கு 28 வீதம் 56 பின்கள். போர்டில் சில்லுகள் இருக்கும் மேல்பக்கத்துக்கு எண்கள்; அடிப்பக்கத்துக்கு ஆங்கில எழுத்துகள். தெரிந்துகொள்ள வேண்டிய இடங்கள் இவை:

1, 2: கிரவுண்ட், இரு பக்கமும். 27, 28-உம் அப்படியே.
3, 4: 5 வோல்ட், இரு பக்கமும்.
5: மைனஸ் 5 வோல்ட். பழைய போர்டுகளுக்கானது, இப்போதைய மல்டிகேம் போர்டுக்கு வேண்டாம்.
6: 12 வோல்ட், இரு பக்கமும்.
7: பின் இல்லாத சாவி இடம்.
10: ஸ்பீக்கர்; மேல்பக்கம் பிளஸ், அடிப்பக்கம் மைனஸ்.
12: மேலே சிவப்பு, கீழே பச்சை. 13: மேலே நீலம், கீழே சிங்க் (படத்தை நிலையாக நிறுத்தும் சிக்னல்). 14: மேலே வீடியோ கிரவுண்ட், கீழே சர்வீஸ் ஸ்விட்ச்.
15: மேலே டெஸ்ட் ஸ்விட்ச். 16: காயின். 17: ஸ்டார்ட்.
18 முதல் 21 வரை: ஜாய்ஸ்டிக்கின் மேல், கீழ், இடம், வலம். 22 முதல் 24 வரை: பட்டன்கள். 16-லிருந்து மேல்பக்கம் ஒன்றாம் ஆட்டக்காரருக்கு, அடிப்பக்கம் இரண்டாமவருக்கு.

கிரவுண்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் ஒரே வயரை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். அந்தப் பின்களை இரட்டிப்பாகக் கொடுத்திருப்பதே வயரில் வோல்ட்டேஜ் இறங்காமல் இருக்கத்தான். ஒரே மெல்லிய வயரில் போனால் சப்ளையில் 5.1 காட்டும், போர்டில் 4.7 வரும், ஆட்டம் நடுவில் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும்.

7-ஆம் இடத்துச் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. கனெக்டரைத் தலைகீழாக மாட்டவிடாமல் தடுக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டாக ஹார்னஸில் அது வரும், பலர் போடாமலே விட்டுவிடுகிறார்கள். கனெக்டரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் 1-ஆம் இடம் 28-ஆம் இடத்தில் போய் உட்காரும். அங்கேயும் கிரவுண்ட்தான், அது சரியாகச் சேர்ந்துவிடும். ஆனால் 6-ஆம் இடத்தின் 12 வோல்ட் நேரே 23-ஆம் இடத்துக்கு, அதாவது இரண்டாம் பட்டனின் உள்ளீட்டுக்குள் போகும். சில்லு அந்தக் கணமே போய்விடும். சாவியைப் போடுங்கள். கனெக்டரின் மேல்பக்கத்தில் மார்க்கரால் "மேல்" என்றும் எழுதிவிடுங்கள்.

8. போர்டு இல்லாமலே எல்லாவற்றையும் சோதியுங்கள்

முதலில் மின்சாரம் இல்லாமல். மீட்டரை பீப்பில் வைத்து, ஒரு முனையைக் கனெக்டரின் கிரவுண்டிலும் மறு முனையை 18-ஆம் பின்னிலும் வையுங்கள். ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் பீப் வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். இப்படியே ஒவ்வொரு திசை, பட்டன், ஸ்டார்ட், காயின், டெஸ்ட் எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். ஜாம்மாவில் எல்லா ஸ்விட்சும் ஒரே வேலைதான் செய்கிறது: தன் பின்னைக் கிரவுண்டுடன் சேர்ப்பது.

விடாமல் பீப் அடித்தால், மைக்ரோஸ்விட்சில் வயர் தவறான காலில் இருக்கிறது. மூன்று காலில் பொதுக் காலுக்கு கிரவுண்ட், அழுத்தும்போது மட்டும் சேரும் காலுக்கு சிக்னல். எந்தத் திசைக்கும் பீப் வரவில்லை என்றால், ஸ்விட்சிலிருந்து ஸ்விட்சுக்குத் தாவும் கிரவுண்ட் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. பழைய லீஃப் ஸ்விட்ச் என்றால் தகடுகள் கறுத்திருக்கலாம். தடிமனான காகிதத்தை நடுவில் விட்டு, தகடுகளை அழுத்திக்கொண்டு இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஜாய்ஸ்டிக்கின் திசையில் இன்னொரு விஷயம். மேலே தள்ளும்போது அழுந்துவது அடியில் உள்ள ஸ்விட்ச். பேனலைத் திருப்பி வைத்து வேலை செய்யும்போது குழம்பாதவர் இல்லை, அதனால் கண்ணால் பார்த்து மாட்டாமல் பீப்பை மட்டும் நம்புங்கள்.

பிறகு மின்சாரத்துடன், கனெக்டரில் போர்டு இல்லாமல். 3, 4-இல் 5 வோல்ட், 6-இல் 12 வோல்ட். அவ்வளவோடு நிறுத்தாமல், 8 முதல் 26 வரை ஒவ்வொரு பின்னையும் தொட்டுப் பாருங்கள். எதிலாவது 5-ஓ 12-ஓ காட்டினால், பழைய விளக்கு வயர் ஒன்று ஸ்விட்ச் வயரோடு கலந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் போர்டை மாட்டாதீர்கள். காயின் மீட்டர் (விழும் காசை எண்ணும் கருவி) இருந்தால், அது தன் 12 வோல்ட்டை 8-ஆம் பின்னில் காட்டலாம். அதுவும் விளக்கு வயர்களும் எங்கே போகின்றன என்று தெரியும்வரை கழற்றியே வையுங்கள்.

9. டிப் ஸ்விட்சை அமைத்து போர்டை மாட்டுங்கள்

60-இன்-1 போன்ற போர்டுகள் இரண்டு வகை வீடியோ தரும்: 15 கிலோஹெர்ட்ஸ் சிஜிஏ, 31 கிலோஹெர்ட்ஸ் விஜிஏ. போர்டு விஜிஏ நிலையில் வரவும் வாய்ப்புண்டு. பழைய மானிட்டருக்கு சிஜிஏ நிலைக்கு மாற்றுவது மின்சாரம் கொடுக்கும் முன் நடக்க வேண்டும். தவறான வேகத்தில் சிக்னல் போனால் படம் சாய்ந்த கோடுகளாகக் கிழியும், கீச்சென்ற சத்தமும் வரலாம். அப்படி வந்தால் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே அணையுங்கள், மானிட்டரின் பாகங்கள் அந்த வேகத்துக்குச் செய்தவை அல்ல.

போர்டைக் காய்ந்த மரப்பலகை அல்லது அட்டை மேல் வையுங்கள். கனெக்டரை நேராக, கடைசி வரை அழுத்துங்கள். ஆன் செய்ததும் முதல் வேலை திரையைப் பார்ப்பதல்ல, மீட்டரைப் பார்ப்பது: போர்டின் விளிம்பில் 5 வோல்ட் எவ்வளவு? 5.00 முதல் 5.10 வரை வரும்படி சப்ளையின் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். அளக்க வேண்டிய இடம் போர்டு, சப்ளை அல்ல.

10. படம்

கருப்புத் திரை, ஆனால் சத்தம் வருகிறது: வீடியோ வயர் அல்லது மானிட்டருக்கு மின்சாரம் வரவில்லை. குழாயின் கழுத்தில் மங்கிய செம்மஞ்சள் ஒளி தெரிகிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள்.

படம் வருகிறது, ஆனால் உருண்டுகொண்டோ சாய்ந்தோ ஓடுகிறது: சிங்க். ஜாம்மாவில் சிங்க் ஒரே வயரில் வரும். மானிட்டரில் கிடை சிங்க், செங்குத்து சிங்க் இரண்டுக்கும் தனித்தனி நெகட்டிவ் உள்ளீடு இருந்தால், அந்த ஒரே வயரை இரண்டுக்கும் கொடுப்பதே வழக்கம். அப்படியும் உருண்டால் மானிட்டரின் ஹோல்டு திருகைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக் முனையுள்ள கருவியால், ஒரு கையால் மட்டும். மறு கை உடம்போடு இருக்கட்டும்.

ஒரு நிறம் இல்லை: 12, 13-ஆம் இடங்களில் ஒரு பின் சரியாகத் தொடவில்லை.

நிறங்கள் எல்லாமே தலைகீழ், கறுப்பு இருக்க வேண்டிய இடம் பளீரென்று இருக்கிறது: இது டாங்கி காங் போன்ற நின்டெண்டோ கேபினெட்டுகளில் வருவது. அவற்றின் சான்யோ மானிட்டர் எதிர்மாறான வீடியோ சிக்னலை எதிர்பார்க்கும். அதற்கென வீடியோ இன்வெர்ட்டர் பலகை ஒன்றை நடுவில் போட வேண்டும். மானிட்டரில் குறையில்லை, அதை நோண்டாதீர்கள்.

படத்தின் அளவு, இடம், வெளிச்சம் ஆகியவற்றை அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகே சரிசெய்யுங்கள். குளிர்ந்த நிலையில் வைத்த அளவு நகர்ந்துவிடும், அதே வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

11. சத்தமும் ஸ்பீக்கரும்

ஜாம்மா போர்டில் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது. 10-ஆம் இடத்தின் இரு வயர்களும் நேராக ஸ்பீக்கருக்கு. மைனஸை கேபினெட்டின் கிரவுண்டுடன் சேர்க்காதீர்கள். சில ஆம்ப்ளிஃபையர்களில் அந்த மைனஸும் சிக்னல்தான், சேர்த்தால் அது எரியும்.

சத்தமே இல்லை என்றால் முதலில் 12 வோல்ட்டைப் பாருங்கள், ஆம்ப்ளிஃபையர் ஓடுவது அதில்தான். பழைய கேபினெட்டில் தனி ஆம்ப்ளிஃபையர் இருந்தால் ஸ்பீக்கரை அதிலிருந்து பிரித்துவிட வேண்டும். இரண்டும் ஒரே ஸ்பீக்கரில் சேரக்கூடாது.

12. காயின், டெஸ்ட், ஜாய்ஸ்டிக் தடுப்பு

டெஸ்ட், சர்வீஸ் ஸ்விட்சுகளைக் காயின் கதவின் உள்பக்கத்தில் மாட்டுங்கள். பின்கதவைத் திறக்காமல் மெனுவுக்குப் போகலாம். கழற்றி வைத்த விளக்குகளை இப்போது பாருங்கள்: பழைய கதவு விளக்குகள் பல 6.3 வோல்ட் ஏசியில் எரிபவை. அவற்றை டிரான்ஸ்பார்மரிலேயே விடலாம், அல்லது விளக்கையும் 12 வோல்ட்டுக்கானதாக மாற்றிவிட்டு சப்ளையில் கொடுக்கலாம். விளக்கை மாற்றாமல் 12 வோல்ட் கொடுத்தால் பியூஸ் போன மாதிரி உடனே அணைந்துவிடும்.

காயின் போட்டதும் பல கிரெடிட் ஏறினாலோ ஏறாமலே இருந்தாலோ, காயின் ஸ்விட்சின் கம்பி வளைந்து அழுந்திய நிலையிலேயே நிற்கிறது. காசு வாங்கி விளையாடவிடும் எண்ணம் இருந்தால், போர்டில் உள்ள ஆட்டங்களுக்கு உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல மல்டிகேம் போர்டுகள் உரிமம் இல்லாமல் விற்பவை. வீட்டுக்குத்தான் என்றால் மெனுவில் ஃப்ரீ ப்ளே.

பேக்-மேன் வகை ஆட்டங்கள் நான்கு திசைக்கானவை. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஆடினால் மூலைகளில் திரும்பாமல் நின்றுவிடும், அதைப் பலர் போர்டின் குறை என்று நினைக்கிறார்கள். ஜாய்ஸ்டிக்கின் அடியில் உள்ள தடுப்புத் தகட்டைத் திருப்பி நான்கு திசைக்கு மாற்றுங்கள். எட்டுத் திசை ஆட்டங்களும் வேண்டும் என்றால் வெளியிலிருந்தே மாற்றக்கூடிய ஜாய்ஸ்டிக் கிடைக்கிறது.

13. நிலையாகப் பொருத்துங்கள்

எல்லாம் ஓடிய பிறகே திருகுங்கள். போர்டு பக்கச்சுவரில், பிளாஸ்டிக் ஸ்பேசர் மேல், மானிட்டர் குழாயிலிருந்தும் டிரான்ஸ்பார்மரிலிருந்தும் தள்ளி நிற்கட்டும். அசல் மரத்தில் புது ஓட்டை போடத் தயங்கினால், பழைய போர்டின் திருகு ஓட்டைகளிலேயே ஒரு பலகையை மாட்டி, அதன் மேல் புது போர்டை வையுங்கள்.

ஹார்னஸின் எடை கனெக்டரில் தொங்கக்கூடாது. கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி வயர்க்கட்டைச் சுவரோடு கட்டுங்கள். மெயின்ஸ் வயரும் வீடியோ வயரும் ஒன்றாகக் கட்டப்பட்டால் திரையில் மெல்லிய பட்டைகள் ஏறி இறங்கும், அதனால் இரண்டையும் வெவ்வேறு பக்கமாகக் கொண்டுபோங்கள்.

பின்கதவைப் பூட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள். கோளாறுகளில் பாதி சூடான பிறகுதான் தலைகாட்டும். பிறகு திறந்து, போர்டின் விளிம்பில் 5 வோல்ட்டை மறுபடி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் பிளக்கை உருவிவிட்டு 3, 4-ஆம் பின்களையும் கிரவுண்ட் பின்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் பின்னின் கிரிம்ப் தளர்ந்திருக்கிறது. அதை வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள்.